மரியாதையான இருமல்

காசநோய்த் திட்ட அலுவலகத்தில் பெண்கள் குறைவு என்பது, கடல் தாண்டி இருக்கிற நிதியத்துக்காரர்கள் எழுதித் தெரிவித்த பிறகுதான் இயக்குநருக்குத் தெரிந்தது. அதுவரை அவர் அதைக் கவனித்ததில்லை. நிர்வாகக் குழுவில் மூன்று பேர்: இயக்குநர், கணக்கர், வண்டி டிரைவர். மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி. எல்லா நாற்காலியும் நிறைந்திருந்ததால், யாரோ குறைகிறார்கள் என்ற நினைப்புக்கே இடமில்லாமல் இருந்தது.

கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் கழுத்தைப் பிடிக்கிற மாதிரியும் இருந்தது. ஆண் பெண் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்து நடக்கிற திட்டங்களுக்குத்தான் இனிமேல் உதவி. குழுவில் சரிபாதி பெண்கள் வேண்டும். பெண்களுக்கென்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு திட்டம் வேண்டும். மாதக் கடைசியில் எங்கள் ஆலோசகர் நேரில் வந்து பார்ப்பார்.

"சரிபாதியா?" என்றார் கணக்கர். "கால்வாசின்னா சமாளிச்சிருக்கலாம் சார்."

"பெண்களை எங்கய்யா போய்த் தேடுறது? அதுவும் மாசக் கடைசிக்குள்ள?"

"தேடுவானேன் சார்? வீட்டுக்கு ஒண்ணு இருக்கே."

இயக்குநர் கணக்கரை அன்போடு பார்த்தார். இந்த மனிதருக்குச் சம்பளம் கொடுப்பது வீண் போகவில்லை என்று அவருக்குத் தோன்றுகிற அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

அன்று சாயங்காலத்துக்குள் குழு சமத்துவம் அடைந்துவிட்டது. கணக்கரின் மனைவி ஒன்று. டிரைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் துணி ஆலையில் மேற்பார்வை பார்க்கிற அக்கா இருந்தாள், அவள் ஒன்று. மூன்றாவது டீச்சர்.

டீச்சர் என்பது இயக்குநரின் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறாள். தெரு முழுக்க அவளை டீச்சர் என்றே கூப்பிட்டதால், கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை 'என்னங்க' என்பாள். 'டைரக்டர் சார்' என்றாள் என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. பெரிய இருமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு, கைக்குட்டைக்குள்ளேயே, கதவைத் தட்டிவிட்டு யாரும் திறப்பதற்குள் 'பரவாயில்லை, அப்புறம் வருகிறேன்' என்று இறங்கிப் போய்விடுகிறவர்களைப் போல ஒரு இருமல். கொஞ்ச நாளாகவே அது வீட்டில் இருந்துகொண்டிருந்தது. இயக்குநருக்கு அது பழகிவிட்டது மட்டுமல்ல, வசதியாகவும் இருந்தது. அதை வைத்தே டீச்சர் சமையலறையில் இருக்கிறாளா, துணி காயப் போடுகிறாளா என்று கூப்பிட்டுப் பார்க்காமலே தெரிந்துகொண்டார்.

"டீச்சர், உனக்கு ஒரு பதவி வந்திருக்கு."

"சம்பளம் உண்டா?"

"கௌரவப் பதவி."

"அப்போ கிடையாது." அவள் விடைத்தாள்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு மாணவி, நதி மலையை நோக்கி மேலே ஏறுவதாக எழுதியிருந்தாள். அதற்கு அரை மதிப்பெண் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. கூட்டத்துக்கு வரணும். கையெழுத்துப் போடணும். டீ குடிக்கணும்."

"இப்போ நீங்க மூணு பேரும் அதைத்தானே செய்யறீங்க?"

"அதேதான். அதுக்குப் பேர்தான் சமத்துவம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவையும் மூடினாள்.

"என்னங்க, உங்க போஸ்டர்ல ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா வாங்கன்னு போட்டிருக்கீங்களே. எனக்கு அதுக்கு மேலயே ஆச்சு."

"அது வேற இருமல்மா. உனக்குச் சாக்பீஸ் தூசி."

"சாயந்தரத்துல உடம்பு சுடுது. போன வருஷம் தைச்ச சட்டை தொளதொளன்னு இருக்கு. சாக்பீஸ் தூசி சட்டையைப் பெரிசாக்குமா?"

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடையில் பேசுகிற குரல் அவருக்குத் தானாக வந்தது. "நம்ம திட்டத்துல நாலு ஆம்பளைக்கு நோய் கண்டுபிடிச்சா ஒரு பொம்பளைக்குத்தான் இருக்கு. இத்தனை வருஷமா அப்படித்தான். நம்ம பெண்களுக்கு இயற்கையிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கு. நான் ரெண்டு மாநாட்டுல இதைப் பேசியிருக்கேன்."

"கிருமி மாநாட்டுக்கு வந்திருந்துச்சா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பயமா இருக்குங்க. வகுப்புல நாற்பது பிள்ளைங்க. முதல் பெஞ்சைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சு, வெளியே பார்த்துக்கிட்டே பாடம் நடத்துறேன். பிள்ளைங்க, டீச்சர் யார்கூடப் பேசறாங்கன்னு பார்க்குதுங்க. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்ச் சோதிச்சுட்டு வந்துடறேன்."

"நான் லேப்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன். உள்ளேயே உட்கார வெச்சு..."

"வேண்டாம். கமிட்டி மெம்பர் ஆயாச்சுல்ல? எல்லாரும் போற வழியிலேயே போறேன்."

எல்லாரும் போகிற வழி, அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை. அந்த நேரத்தில் டீச்சர்கள் பள்ளியில் இருப்பார்கள், ஆலைப் பெண்கள் ஆலையில் இருப்பார்கள், மற்ற பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஆகவே கூட்டம் அதிகமில்லாமல் சௌகரியமாக இருந்தது. லேப்பில் இருந்த பெண் ஒரு சளி டப்பாவைக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி.

"பின்பக்கம் போய், நல்லா மூச்சை இழுத்து, ஆழத்துலேருந்து இருமித் துப்பிக் குடுங்கம்மா."

பின்பக்கம் என்பது இயக்குநரின் சாதனை. வெயிலும் காற்றும் கிருமிக்கு எதிரி என்பதால் நாலு பக்கமும் திறந்த இடமாகப் பார்த்து அமைத்திருந்தார். 'திறந்தவெளி சளிச் சேகரிப்பு முற்றம்' என்று கல்வெட்டு வைத்து, நாடா வெட்டி, பேசியும் இருந்தார். காற்று நன்றாக வந்தது. வெயிலும் வந்தது. எதிரில் பைக் ரிப்பேர் கடையும் வந்தது, அதை ஒட்டிப் பஸ் நிறுத்தமும். பஸ்ஸுக்காக நிற்கிறவர்களுக்கு வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால், எல்லாரும் முற்றத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

டீச்சருக்கு முன்னால் ஒரு லாரிக்காரர் இருந்தார். முற்றத்தின் நடுவில் காலை அகட்டி நின்று, வானத்தைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு காறல் காறினார். ரிப்பேர் கடைக்காரன், எந்த வண்டி கிளம்பியது என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். லாரிக்காரர் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளே போனார்.

டீச்சர் டப்பாவைத் திறந்தாள். பஸ் நிறுத்தம் பார்த்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவர்ப் பக்கம் சுவர் இல்லை, அது திறந்தவெளி. மூச்சை இழுத்தாள்.

"வணக்கம் டீச்சர்!"

நிறுத்தத்தில் நின்ற பெண்ணொருத்தி, பழைய மாணவி, கையில் குழந்தையோடு சிரித்தாள். "டீச்சருக்கு வணக்கம் சொல்லு கண்ணு." குழந்தை வணக்கம் சொன்னது. பக்கத்தில் நின்ற மாணவியின் மாமியார், டீச்சரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இழுத்த மூச்சை டீச்சர் ஒரு புன்னகையாகச் செலவழித்தாள். பிறகு தலையைக் குனிந்து, விருந்துக்குப் போன வீட்டில் பல் துலக்கி முடித்துத் தொட்டியில் துப்புகிற மாதிரி, நாக்கு நுனியிலிருந்து கொஞ்சம் எச்சிலை டப்பாவில் சேர்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மூடியைத் திருகிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

இயக்குநர் அன்று ஒரு கூடை பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "நான் சொன்னேனா இல்லையா!" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். அவருக்குள்ளே எவ்வளவு பயம் இருந்தது என்பது பழங்களின் எண்ணிக்கையில் தெரிந்தது. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். அவருக்காக அதை நம்பவும் முயற்சி செய்தாள். அன்று முதல் அவள் இருமும்போதெல்லாம் அவர், "கிருமி இல்லாத இருமல்" என்று செல்லமாகச் சொல்ல ஆரம்பித்தார். இருமலுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

கூட்ட நாள் வந்தது. மூன்று புது நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். பழைய நாற்காலிகளுக்குக் கை இருந்தது, புதியவற்றுக்கு இல்லை. பெண்கள் மூன்று பேரும் சீக்கிரமே வந்துவிட்டதால், ஆலோசகர் வரும்வரை வராந்தாவில் நின்றார்கள். டீச்சர் இருமினாள்.

"இது எத்தனை நாளா டீச்சர்?" என்றாள் டிரைவரின் அக்கா. சத்தமான ஆலையில் வேலை பார்க்கிறவள் என்பதால் அவள் ரகசியமே நாலு பேருக்குக் கேட்கும். "சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன். ஒண்ணும் இல்லையாம்."

"அந்தத் திறந்தவெளி முத்தத்துலயா? நான்கூடப் போன வருஷம் போனேன். எங்க கொழுந்தனார் ரிப்பேர் கடையில வண்டியை விட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். அவர் முன்னால நான் எங்கேருந்து காறித் துப்புறது? வாய் காஞ்சுபோய் ஒண்ணுமே வரல. சும்மா நாக்கைத் தொட்டு ஒரு துளி வெச்சுக் குடுத்தேன்."

கணக்கரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அதிகம் பேசாதவள். கணக்கர் வீட்டில் பேச்சுக்கும் வரவு செலவு உண்டு என்று டிரைவர் சொல்வான். "அக்கா, நீங்களாவது பரவாயில்ல... நான் குழாய்த் தண்ணியைக் கொப்பளிச்சு அதைத் துப்பிக் குடுத்துட்டேன். ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க."

மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது டீச்சர் மட்டும் முதலில் நிறுத்தினாள்.

"அப்போ அவங்க சோதிச்சது என்னோட எச்சிலைத்தான்," என்றாள்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. டிரைவரின் அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். அதற்குள் கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

பாலின சமத்துவ ஆலோசகர் ஆணாக இருந்தார். "பொம்பளையா வருவாங்கன்னு நெனச்சேன்," என்று டிரைவர் கணக்கரிடம் முணுமுணுத்தான். இளைஞர், மெலிந்தவர். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், டீ கொண்டுவந்தவருக்கும் சொன்னார். பெண்கள் உட்காரும்வரை உட்காரவில்லை. பெண்கள் அவர் உட்காரட்டும் என்று நின்றதால் கூட்டம் கொஞ்ச நேரம் நின்றபடியே நடந்தது. கெட்டவர் இல்லை. வார்த்தைகளைப் பெரிது பெரிதாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, வைக்கப் பை கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் மேசை மேல் ஒரு கண்காட்சி வைத்திருந்தார். மருந்துப் பெட்டி, புது சளி டப்பாக்கள், போஸ்டர். போஸ்டரில் மீசைக்காரர் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் நடுவில் ஊதா நிறத் தொப்பி ஒன்று.

"எங்கள் பாலினத் திட்டம்," என்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார். "மாபெரும் மகளிர் விழிப்புணர்வுப் பேரணி. ஊர் முழுக்க ஊதாத் தொப்பி. முன்னால் பேண்டு வாத்தியம். முடிவில் நான் பேசுகிறேன்."

ஆலோசகர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவால் காதைச் சொறிந்தபடி கேட்டார்: "உங்க திட்டத்துல பெண் நோயாளிகள் இவ்வளவு குறைவா இருக்காங்களே சார், ஏன்?"

இயக்குநர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். பெண்களின் இயற்கைப் பாதுகாப்பு, சுத்தம், வீட்டோடு இருக்கும் பழக்கம் என்று வரிசையாகச் சொல்லி, "என் மனைவியே உதாரணம். இவ்வளவு நாளாக இருமல். சோதித்தோம். கிருமி இல்லை!" என்று முடித்தார். கணக்கர் கை தட்டினார்.

"டைரக்டர் சார்," என்றாள் டீச்சர்.

இயக்குநர் மெதுவாகத் தொப்பியைக் கீழே வைத்தார்.

"கமிட்டி மெம்பர் பேசலாமா?"

"தாராளமா," என்றார் ஆலோசகர். அவருக்கு உயிர் வந்தது.

டீச்சர் எழுந்து, கண்காட்சியிலிருந்த சளி டப்பாக்களை எடுத்து, விடைத்தாள் கொடுப்பது போல ஆண்களுக்கு முன்னால் ஆளுக்கு ஒன்றாக வைத்தாள். இயக்குநருக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. கொஞ்சம் யோசித்துவிட்டு ஆலோசகருக்கும் ஒன்று.

"இப்போ எல்லாரும் நல்லா மூச்சை இழுத்து, ஆழத்துலேருந்து இருமித் துப்பிக் குடுங்க. நாங்க மூணு பேரும் பார்த்துக்கிட்டு இருப்போம்."

"இங்கேயா?" என்றார் கணக்கர்.

"காத்து நல்லா வருதே. ஜன்னல் திறந்துதான் இருக்கு."

"டீச்சர், விளையாடாதே," என்றார் இயக்குநர் மெல்ல. "வந்திருக்கிறவர்..."

"இல்ல சார், பங்கேற்பு முறை எனக்குப் பழக்கம்தான்," என்றார் ஆலோசகர். டப்பாவைத் திறந்துகொண்டார். பாவம், அவருக்கு எதையும் நேர்மையாகச் செய்துதான் பழக்கம்.

டிரைவர் முதலில் முயன்றான். தினமும் காலையில் அவன் அந்த முற்றத்தில் தொண்டையைச் செருமினால் பஸ் நிறுத்தமே விலகி நிற்கும். இப்போது அக்கா எதிரில் இருந்தாள். கன்னத்தில் கைவைத்து அவன் வாயையே பார்த்தாள். "ம், துப்புடா. சின்ன வயசுல என் மேலயே துப்புவியே." அவன் காது சிவந்தது. 'க்கும்' என்று ஒரு சத்தமும் ஒரு துளி எச்சிலும் வந்தது, வேறெதுவும் வரவில்லை.

கணக்கர் மனைவியின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். மனைவி அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் ஒரு கையால் வாயை மறைத்து, டப்பாவுக்கு ரகசியம் சொல்வது போல ஏதோ செய்து, சட்டென்று மூடியைத் திருகினார். ஆலோசகர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இழுத்த மூச்சிலேயே நின்று, கடைசியில் ஒரு துளி எச்சிலை மட்டும் டப்பாவில் விட்டார்.

இயக்குநர் மட்டும் மிச்சம். நூறு மேடை கண்டவர். டப்பாவை உதட்டருகில் கொண்டுபோனார். ஆறு ஜோடிக் கண்கள். அதில் ஒரு ஜோடி, இத்தனை வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவளுடையது. அவள் முன்னால் அவர் ஒரு நாளும் சத்தமாக ஏப்பம்கூட விட்டதில்லை. நாக்கு நுனியில் ஒரு துளியைத் திரட்டி டப்பாவில் வைத்தார்.

டீச்சர் நாலு டப்பாக்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக, சுத்தமாக, மரியாதையாக இருந்தன.

"இதை லேப்புக்கு அனுப்பினா என்ன முடிவு வரும்?"

"கிருமி இல்லைன்னு வரும்," என்றான் டிரைவர். "ஆனா அது எச்சில்தானே டீச்சர். அதுல எப்படி..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"நாலு ஆம்பளைக்கு நோய் இருந்தாலும் ஒருத்தருக்கும் இல்லைன்னு வரும்," என்றாள் டிரைவரின் அக்கா. "உடனே தொப்பி போட்டுக்கிட்டு ஊர்வலம் போலாம்."

ஆலோசகர் வேகமாக எழுத ஆரம்பித்தார். பெரிய வார்த்தைகள் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, எளிமையாகவே எழுதினார். கணக்கரின் மனைவி கூட, அன்றைக்கான தன் ஒதுக்கீட்டை மீறி, "சாயந்தரத்துல ரெண்டு மணி நேரம் திறங்க. மறைவா ஒரு இடம் குடுங்க. தொப்பி வேணாம்," என்றாள். கணக்கர் அவளைப் புதிதாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

இயக்குநருக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. அவர் தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"டீச்சர்... அப்போ உன்னோடது?"

"என்னோடதும் இதே மாதிரிதாங்க."

"யாரோ பார்த்துக்கிட்டு இருந்தாங்களா?"

"பஸ் ஸ்டாப்பே பார்த்துச்சு. ஒரு குழந்தை வணக்கம் சொல்லுச்சு."

மேடைக் குரல் அவரை விட்டுப் போயிருந்தது. "அந்த முடிவு வந்து இவ்வளவு நாளாச்சே," என்றார். "நான் பழம் வாங்கிட்டு வந்தேனே." அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆலோசகர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

இயக்குநர் எழுந்தார். கூட்டம் நடந்த அவர் அறைக்குப் பின்னால் ஒரு பால்கனி உண்டு. எதிரில் ஒரு கிடங்கின் முழுச் சுவர், மேலே வானம், நல்ல காற்று. சாப்பாட்டுக்குப் பின் யோசிப்பதற்கென்று அங்கே ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார். அவருடைய யோசனை குறட்டையாக வருவது கீழ்த்தளம் வரை பிரசித்தம். அந்த நாற்காலியைத் தானே தூக்கி உள்ளே போட்டார். பூச்செடிகளை ஓரம் நகர்த்தினார். புது டப்பா ஒன்றை டீச்சரிடம் கொடுத்தார்.

"வா. இங்கே யாரும் பார்க்க முடியாது. நான் கதவைப் பிடிச்சுக்கறேன்."

"ஓட்டெடுப்பு வேண்டாமா சார்?" என்றார் கணக்கர். "செலவு இருக்கிற விஷயம். நடைமுறைன்னு ஒண்ணு..."

"ஓட்டுப் போட்டாச்சுய்யா!" என்றார் இயக்குநர்.

கதவு சாத்தப்பட்டது. இயக்குநர் முதுகைக் கதவில் கொடுத்து நின்றார். அறையில் எல்லாரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். பால்கனியில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு விரலளவு திறந்தது.

"என்னங்க, எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா எனக்கு எப்படி வரும்? ஏதாவது பேசிக்கிட்டு இருங்களேன்."

"என்ன பேச?"

"உங்களுக்கா தெரியாது?"

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்தார். குரல் முதலில் நடுங்கியது. அப்புறம் வழக்கமான தடத்தில் ஏறிக்கொண்டது. திட்டம் தொடங்கிய கதையைச் சொன்னார், முதல் வண்டி வாங்கியதைச் சொன்னார். நாடா வெட்டிய கத்தரிக்கோல் வெட்டாமல் போனதையும், பல்லால் கடித்து அறுத்ததையும்கூடச் சொன்னார், அது இதுவரை எந்த மேடையிலும் சொல்லாதது. டிரைவரின் அக்கா சத்தமாகக் கை தட்டினாள். டிரைவர் மேசையைத் தட்டினான். ஆலோசகருக்கும் விஷயம் புரிந்து, வெள்ளைக்காரப் பாட்டு ஒன்றை உரக்க முணுமுணுத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அது கிளம்பியது. வாயைப் பொத்தாத, கைக்குட்டை இல்லாத, முழு இருமல். நெஞ்சின் அடியிலிருந்து கல்லைப் புரட்டுகிற மாதிரி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. இயக்குநர் பேச்சு நடுவில் தடுமாறினார். இத்தனை நாள் தன் பக்கத்தில் படுத்திருந்தவள் தன் தூக்கம் கெடாமல் இருக்க இதைத்தான் மடித்து மடித்துச் சின்னதாக்கி வைத்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டி, "ஆகவே, அன்பர்களே!" என்றார். ஆகவே என்ன என்று அவருக்கே தெரியாது.

முடிவு மறுநாள் வந்தது. கிருமி இருந்தது.

மாத்திரை தொடங்கினார்கள். டீச்சர் பள்ளிக்கு விடுப்பு எடுத்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகளை, வரிசையாக நிறுத்தி அல்ல, ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுச் சோதித்தார்கள். ஒருத்திக்கும் இல்லை. அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள். இயக்குநரையும் சோதித்தார்கள், பால்கனியில். டீச்சர் வெளியே நின்று அவருக்காகப் பள்ளிக்கூடத்து வாழ்த்துப் பாட்டைப் பாட வேண்டியிருந்தது. அவருக்கும் இல்லை.

பேண்டு வாத்தியத்துக்கு ஒதுக்கியது பால்கனித் தடுப்புக்கும் சாயங்கால நேரத்துக்கும் போனது. ஆலை விட்டு வருகிற பெண்கள் மாடியேறி வந்தார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு படிக்கட்டு வரைக்கும். அவர்களில் பலருக்கு நோய் இருந்தது, பல காலமாக இருந்திருக்கிறது. இயக்குநர் தன் நாற்காலியோடு வராந்தாவுக்கு மாறினார். போஸ்டர் மீசைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணையும் போட்டார்கள். மீசைக்காரர் அவளைத் திரும்பிப் பார்க்காதபடி வரையச் சொல்லி டீச்சர் கேட்டுக்கொண்டாள்.

ஆலோசகர் நல்ல அறிக்கையாகத்தான் எழுதினார். அது போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் படிக்கிறவர் வேறு, எண்ணிக்கையைப் பார்க்கிறவர் வேறு. டீச்சரின் ஆறு மாத மாத்திரை முடியப்போகிற சமயம் நிதியத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இயக்குநர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து, டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தார்.

"'தங்கள் பகுதியில் பெண்களிடையே காசநோய் திடீரென்று பல மடங்கு பெருகியிருப்பது எங்களுக்கு ஆழ்ந்த கவலை அளிக்கிறது. இதற்கு முன் தங்கள் செயல்பாடு பாராட்டத்தக்கதாக இருந்தது. இந்தச் சரிவுக்கான காரணத்தை விளக்கவும்.'"

டீச்சர் சிரித்தாள். இந்த முறை சிரிப்பு சிரிப்பாகவே முடிந்தது. இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார்.

"எப்படி விளக்குறது டீச்சர்? நோய் பெருகல, இருந்ததைத்தான் இப்போ பார்க்கறோம்னு எழுதினா, அப்போ இத்தனை வருஷமா என்ன பார்த்தீங்கன்னு கேட்பாங்களே?"

"கேட்பாங்க."

"என்ன சொல்ல?"

"மாநாட்டுல பேசிக்கிட்டு இருந்தோம்னு சொல்லுங்க."

"பணத்தை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தினா நானும் டிரைவரோட அக்காவும் கணக்கர் வீட்டம்மாவும் போய் அவங்க மேசையில ஆளுக்கொரு டப்பா வெச்சுட்டு வரோம். பாதிப்பேர் நாங்கதானே?" அவள் மாத்திரை அட்டையை எடுத்தாள். "உண்மையை எழுதுங்க. ரெண்டு வரி போதும், பெரியோர்களேன்னு ஆரம்பிக்காதீங்க. அதுக்கு முன்னால தண்ணி கொண்டாங்க, மாத்திரை நேரமாச்சு."

"சுடுதண்ணியா, பச்சைத் தண்ணியா?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க டைரக்டர் சார்."

அவர் எழுந்து போனார்.